ஏற்றாத மெழுகுதிரி

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த அறையை, தமிழரைத் தேடிப் பிடிக்கும் பொலிசுக்குப் பயந்த வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லிவிட்டார். அன்று பையை மடியில் வைத்தபடி கொச்சிக்கடைக் கத்தோலிக்கக் கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அங்கே மெழுகுதிரி விற்கும் அம்மா, தன் காலுக்குப் பொருந்தாத பெரிய ஆண் செருப்பை இழுத்துக்கொண்டு வந்தார். பையை வாங்கித் தன் மேசைக்கடியில் தள்ளிவிட்டு, என் கையில் ஒரு திரியைத் தந்தார்.

“பையோட இருந்தா பிடிப்பாங்கள், தம்பி. திரியோட நிண்டா கும்பிட வந்த ஆள். கொளுத்திப்போடாதேங்கோ. கொளுத்தினா கும்பிட்டு முடிஞ்சுதெண்டு போக வேணும்.”

போக்கிடமில்லாமல் வருகிற எல்லோருக்கும் இப்படித்தான் கொடுப்பாராம்.

“இதெல்லாம் உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது, அம்மா?”

“ஒருத்தரும் இல்லை. வீடில்லாம நாங்களும் இதிலதான் கிடந்தனாங்கள். என்ர மனுசனும் உங்களை மாதிரித்தான், பையை மடியில வச்சுக்கொண்டு இருந்தவர். பொலிசு ஜீப்பில ஏத்திக்கொண்டு போயிட்டாங்கள். செருப்புப் போடவும் விடேல்லை.”

நான் அவர் கால்களைப் பார்த்தேன்.

மாதக் கடைசியில் கொட்டாஞ்சேனையில் எனக்கோர் அறை கிடைத்தது. அம்மாவின் கணவர் பெயரைச் சொல்லி அந்தத் திரியை ஏற்றலாமென்று கோயிலுக்குப் போனேன். மேசையில் வேறொருத்தி இருந்தாள். அம்மா எங்கேயென்று அவளுக்குத் தெரியவில்லை. திரியும் கையுமாக வெகுநேரம் நின்றேன். அந்த மனிதரின் பெயரை நான் கேட்டிருக்கவேயில்லை.