பேச்சிராஜ் போட்ட பூட்டு

வடக்குப்பட்டில் பேச்சிராஜின் முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைவு. அவருடைய சிவப்பு அட்டையைத் தெரியாதவர்கள் அதைவிடக் குறைவு.

உள்ளங்கை அகல அட்டை. மேலே ஓட்டை, அதில் பிளாஸ்டிக் கயிறு. "அபாயம். தொடாதே. ஆள் வேலையில் இருக்கிறார்" என்று அச்சடித்து, கீழே பெயர் எழுத இடம் விட்டிருக்கும். ஒரகடத்தில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் பேச்சிராஜ் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். மெஷினுக்குள் கையை விடுவதற்கு முன் மெயின் சுவிட்சை இறக்க வேண்டும், அதில் தன் பூட்டைப் போட வேண்டும், தன் பெயர் எழுதிய அட்டையை மாட்ட வேண்டும். சாவி சட்டைப் பையில். பூட்டியவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பூட்டைத் திறக்கக் கூடாது. ஜி.எம். வந்து நின்று கத்தினாலும் கூடாது. ஒன்பது வருடமாக இந்த விதியைப் பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பத்து விரலோடு இருக்கிறேன் என்பார்.

அச்சுப் பிழையென்று கம்பெனி கழித்துப்போட்ட அட்டைகள் ஒரு கட்டு அவருடைய வடக்குப்பட்டு வாடகை அறைக்கு வந்து சேர்ந்தன. அன்றிலிருந்து அறையில் எதையும் சும்மா தொட முடியாது. வாளியில் ஒன்று, தண்ணீர் கேனில் ஒன்று, அம்மா கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாயில் இரண்டு. கூடத் தங்கியிருந்த அந்தோணிராஜ் தூத்துக்குடிக்காரர், அதே கம்பெனியில் லைன் ஆபரேட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சிராஜ் மதியம் வரை தூங்கியபோது அவர் கால் கட்டைவிரலில் ஓர் அட்டையை மாட்டிவிட்டு, வாடகை வாங்க வந்த வீட்டுக்கார அம்மாளிடம், "தொடாதீங்கக்கா, ஆள் வேலையில இருக்கு" என்றார்.

இப்படி எல்லாவற்றையும் பூட்டத் தெரிந்த மனிதர், தன் பேங்க் கணக்கை மட்டும் அஞ்சு மாதம் திறந்து போட்டிருந்தார்.

தொடங்கியது ஜனவரியில். பேச்சிராஜின் மனைவி சுகப்பிரியாவும் மகள் கனிஷ்காவும் சங்கரன்கோவில் பக்கம் ஊரில் இருந்தார்கள். பிள்ளைக்கு முதல் பிறந்தநாள். வெள்ளிக் கொலுசு போட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்தது. கையில் காசு இல்லை. போனில் 'சட்டுனு கேஷ்' என்று ஓர் ஆப் இருந்தது, ஆறாயிரம் கேட்டார். கட்டணம் அது இது என்று பிடித்துக்கொண்டு நாலாயிரத்துத் தொள்ளாயிரம் கொடுத்தது. சம்பள நாளில் தானாகவே எடுத்துக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்று அமுக்கினார். சம்மதம் என்று அமுக்காவிட்டால் அடுத்த பக்கம் திறக்காது.

கொலுசைப் பார்த்து, "ஏதுங்க இவ்வளவு காசு?" என்று சுகப்பிரியா கேட்டாள்.

"ஓ.டி. பாத்தேன்" என்றார்.

அந்த ஒரு பொய்க்காக அடுத்த அஞ்சு மாதமும் உண்மையாகவே ஓ.டி. பார்க்க வேண்டியிருந்தது. ஏழாம் தேதி சம்பளம் ஏறும். ஏறிய சூட்டோடு ஆயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் இறங்கும். அதன் பெயர் நீட்டிப்புக் கட்டணம். வாங்கிய ஆறாயிரம் ஆறாயிரமாகவே உட்கார்ந்திருக்கும்.

மார்ச்சில் பேச்சிராஜுக்குக் கோபம் வந்தது. ஆப்பைப் போனிலிருந்து அழித்தார். "தொலைஞ்சான்" என்று அந்தோணிராஜுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். ஏப்ரல் ஏழாம் தேதி, தொலைந்தவன் சரியாக வந்து எடுத்துக்கொண்டு போனான்.

மே மாதம் ஆப்போடு பந்தயம். சம்பளம் ஏறியதும் மொத்தப் பணத்தையும் அந்தோணிராஜின் கணக்குக்குத் தள்ளிவிடுவது என்று திட்டம். வேலையிடத்துக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில்தான் இருக்கும். வீக் ஆஃபில் அறையில் இருந்த அந்தோணிராஜிடம் போனையும் ரகசிய நம்பரையும் ஒப்படைத்தார். அந்தோணிராஜ் காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து மணிக்குப் பல் தேய்க்கப் போனார்.

"ரெண்டே நிமிஷம் மக்கா" என்றார் சாயங்காலம்.

"ஒனக்கு இன்னைக்குன்னு பாத்துத்தானா பல்லு தேய்க்கணும்?"

ஜூனில் பேச்சிராஜ் ஜெயித்தார். அன்று அவருக்கே வீக் ஆஃப், ஏ.டி.எம். வாசலில் நின்று, ஏறிய கையோடு வழித்து எடுத்துவிட்டார். ஆப் வந்து பார்த்தது, காலி. இரண்டு நாள் கழித்து மறுபடி வந்தது. அப்புறம் இன்னொரு தடவை. வந்து வெறுங்கையோடு போன ஒவ்வொரு தடவைக்கும் பேங்க் முந்நூற்றுச் சொச்சம் அபராதம் எழுதியது. இருபதாம் தேதி இன்சென்டிவ் பணம் ஏறியதும் பேங்க் தன் பங்கை எடுத்துக்கொண்டது, ஆப் தன் பங்கை எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் பேச்சிராஜ் ஒரு பிரியாணி சாப்பிட்டார். அரை பிளேட்.

இதற்குள் வேறொரு காரியம் முற்றியிருந்தது. வீட்டுக்கார அம்மாள் பாஞ்சாலிக்கு மாடியில் சமையலறையோடு ஒரு போர்ஷன் காலியானது. சுகப்பிரியாவையும் பிள்ளையையும் அழைத்துவந்து குடித்தனம் வைத்துவிடலாம். அட்வான்ஸ் இருபதாயிரம். ஐயாயிரம் கொடுத்து வைத்தாயிற்று. மீதியை ஜூலை ஏழாம் தேதி கொடுப்பதாகப் பேச்சு. சம்பளத்தையும் கையிருப்பையும் கூட்டி, ஊருக்கு அனுப்புவதைக் கழித்துப் பார்த்தால், எண்ணி எடுத்த மாதிரி பதினைந்தாயிரம் வந்தது. ஆயிரத்து முந்நூற்றைம்பதுக்கு அதில் இடமே இல்லை.

பாஞ்சாலி மூன்று தலைமுறையாக அந்த ஊர். நெல் விளைந்த இடத்தில் பன்னிரண்டு ரூம் கட்டியிருந்தார். பேச்சில் கறார்.

"இன்னாப்பா பேச்சி, ஏயாம் தேதி துட்டு வந்துருமா? கான்ட்ராக்ட்காரன் ஒருத்தன் தெனிக்கும் வந்து நிக்கறான். எட்டு பேர தங்க வைக்கிறேன், ரெண்டு மாச வாடகை முன்னாடியே தரேன்றான்."

"வந்துரும்க்கா."

"குடித்தனக்காரங்க வந்தா வூடு வூடா கீது. அதுக்குதான் ஒனக்கு வெச்சிக்கினு கீறேன். ஏயாம் தேதி தாண்டுச்சுன்னா என்னிய கேக்காத."

மூன்றாம் தேதி வரை பேச்சிராஜுக்கு வழி தெரியவில்லை. வழி காட்டியவர் மோகன் என்ற புது ஷிஃப்ட் இன்ஜினியர். காட்டுகிறோம் என்று அவருக்கே தெரியாது. பிரஸ் மெஷின் ஒன்று மக்கர் பண்ணியது. பேனலில் பச்சை விளக்கு அணைந்திருந்தது. புரொடக்‌ஷன் அவசரத்தில் மோகன், "லேம்ப் ஆஃப் ஆயிடுச்சுல்ல, கைய விட்டு அந்தப் பீஸை எடுங்க பேச்சி" என்றார்.

பேச்சிராஜ் இன்ஜினியரை மேலும் கீழும் பார்த்தார்.

"சார், லைட்டு அணைஞ்சா மிஷினு செத்துட்டுன்னு எந்தக் காலேஜில சொல்லிக் குடுத்தாவ? லைட்டு என்ன சார் லைட்டு, அது சும்மா நமக்குக் காட்டுததுக்கு. அதப் புடுங்கி எறிஞ்சாலும் மிஷினு அதுபாட்டுக்கு வந்து அடிக்கும். கரன்ட் எங்கேயிருந்து வருதோ அங்கப் போயிப் பூட்டணும்..."

அதோடு நின்றுவிட்டார்.

"என்னாச்சு?" என்றார் மோகன், கொஞ்சம் பயந்து.

"அடப்பாவி, நான் லைட்டத்தான சார் புடுங்கி எறிஞ்சிருக்கேன்!"

மார்ச்சில் ஆப்பை அழித்த கதை தெரியாத மோகனுக்கு ஒன்றும் புரியவில்லை. பேச்சிராஜ் மெயின் சுவிட்சில் பூட்டைப் போட்டு, அட்டையை மாட்டி, பீஸை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறுநாளைக்கு அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார்.

நான்காம் தேதி காலை ஷேர் ஆட்டோ பிடித்துப் படப்பையில் இறங்கினார். பேங்கில் கூட்டம். அவர் முறை வந்ததும் சசிரேகா என்ற அதிகாரியின் மேசைக்கு முன் உட்கார்ந்து கதையைச் சொன்னார். அந்த அம்மாள் கதையின் பாதியிலேயே பதில் வைத்திருந்தார்.

"லோன் குடுத்த கம்பெனிகிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வாங்க சார். அவங்க வேணாம்னு சொன்னா நாங்க நிறுத்திடுவோம்."

"மேடம், மிஷினப் பூட்டப் போறவன் மிஷின்கிட்டப் போயி, பூட்டட்டுமாங்கன்னு கேப்பானா?"

சசிரேகா நிமிர்ந்து பார்த்தார்.

"அனுமதி குடுத்தது நான். என் கணக்கு. வேண்டாம்னு நானே எழுதித் தாரேன். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டா ஒரு பொம்பளப் பிள்ள குரல் ஒண்ண அமுக்கு, ரெண்ட அமுக்குங்குது. ஒம்பது வரைக்கும் அமுக்கிப் பாத்துட்டேன்."

பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சசிரேகா எழுந்து மேனேஜர் அறைக்குப் போய் ஏதோ கேட்டு வந்தார். வந்தபோது கையில் ஒரு படிவம் இருந்தது. "சரிதான் சார், நீங்களே குடுக்கலாம்" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்திருந்தது. இந்த அனுமதிக்குப் பேங்கில் மேன்டேட் என்று பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நீள நம்பர் உண்டு, அந்த நம்பர் போட்டு ரத்து செய்தால் கம்பெனி கேட்டாலும் கணக்கு கொடுக்காது என்று விளக்கிவிட்டு, கம்ப்யூட்டரில் தேடினார்.

"மூணு மேன்டேட் இருக்கே?"

"மூணா!"

"ஒண்ணு உங்க லோன். ஒண்ணு இன்ஷூரன்ஸ், சுகப்பிரியாங்கற பேர்ல நாமினி."

"அத வெட்டிராதீங்க மேடம், வீட்டுக்காரி."

"மூணாவது மாசம் நூத்து நாப்பத்தொம்பது, யோகா ஆப்." சசிரேகா மேசைக்கு மேல் தெரிந்த பேச்சிராஜின் தொப்பையை ஒரு கணம் பார்த்தார். "ரெண்டு வருஷமா யோகா பண்றீங்களா சார்?"

"எனக்கே தெரியாமப் பண்ணியிருக்கேன் மேடம்."

முன்னொரு நாள் முதுகு பிடித்தபோது ஏழு நாள் இலவசம் என்று அமுக்கியது. யோகாவுக்கும் சேர்த்து எழுதினார். படிவத்தின் நகலில் தேதியும் முத்திரையும் வாங்கிக்கொள்ளச் சொன்ன சசிரேகா, கடைசியாக ஒன்று சொன்னார்.

"எடுக்கறதுதான் நிக்கும் சார். கடன் நிக்காது. பாக்கி எவ்வளவுன்னு எழுத்துல கேளுங்க, நீங்களா கட்டுங்க, முடிஞ்சதுன்னு லெட்டர் வாங்குங்க."

பேச்சிராஜ் தலையாட்டினார். பிறகு பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து, தன் பெயரை எழுதி, மெதுவாக மேசைமேல் நகர்த்தினார். "இதுலயும் ஒரு சீல் போட்டீங்கன்னா..."

"இதுல எல்லாம் போடக் கூடாது சார்."

அவருக்கு அது மட்டும் ஒரு குறை.

ஏழாம் தேதி சாப்பாட்டு நேரத்தில் லாக்கரைத் திறந்தார். அந்தோணிராஜ் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். முதல் செய்தி, சம்பளம் ஏறியது. இரண்டாவது செய்தி, 'சட்டுனு கேஷ்' கேட்டது. அனுமதி ரத்தானதால் கொடுக்கப்படவில்லை. பேச்சிராஜ் அதை இரண்டு முறை சத்தமாக வாசித்தார். மூன்றாவது முறை வாசிக்கும்போது போன் அடித்தது.

"சார், உங்க ஆட்டோ டெபிட் ஃபெயில் ஆயிடுச்சு" என்றது ஒரு குரல்.

"ஃபெயில் ஆகல தம்பி. பூட்டியிருக்கேன்."

"பூட்டியிருக்கீங்களா? உடனே ஓப்பன் பண்ணுங்க சார். இல்லன்னா நடவடிக்கை எடுப்போம்."

"பூட்டுனவந்தான் தொறப்பான். நான் தொறக்க மாட்டேன். பாக்கிய எழுதி அனுப்பு, நானே கட்டுதேன். நீ எடுக்கப்படாது."

"நீங்க இப்டிப் பேசினா..."

"பேசுததையும் எழுதியே அனுப்பு" என்று வைத்தார். அந்தோணிராஜ் கைதட்டினார். "இந்தக் குரல முன்னாடியே எடுத்திருந்தா என் பல்ல நான் நிம்மதியாத் தேய்ச்சிருப்பேனல?"

அன்று சாயங்காலம் பாஞ்சாலி பதினைந்தாயிரத்தை எச்சில் தொட்டு எண்ணி, மாடிச் சாவியைக் கொடுத்தார். கான்ட்ராக்ட்காரன் கீழே பைக்கில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுகப்பிரியா பிள்ளையோடும் ஏழு பைகளோடும் வந்து இறங்கினாள். பாலைக் காய்ச்சி இறக்கியதும் பேச்சிராஜ் தொண்டையைச் செருமினார். ஒத்திகை பார்த்த பேச்சுதான்.

"சுகா, அந்தக் கொலுசு இருக்குல்ல..."

"பிள்ளைக்குப் பத்தாமப் போயி ரெண்டு மாசம் ஆவுது."

"அது வந்து, ஓ.டி. காசு இல்ல."

"தெரியும்."

பேச்சிராஜ் பால் டம்ளரைக் கீழே வைத்தார்.

"லோனு கேக்கும்போது தெரிஞ்சவங்க நம்பருன்னு என் நம்பரத்தானக் குடுத்தீங்க? பிப்ரவரியிலேருந்து ஒருத்தன் எனக்குப் போன் பண்ணுதான். மொத தடவ மெரட்டுனான். ரெண்டாந் தடவ பண்ணும்போது பிள்ள அழுதுக்கிட்டு இருந்தா. போன அவ வாய்க்கிட்ட வச்சிட்டுத் துணி தொவைக்கப் போயிட்டேன். வந்து பாக்கேன், அப்பவும் லைன்ல இருக்கான். 'ஏன்க்கா பாப்பா அழுது, பசிக்கா?'ங்கான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க எப்பச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

மாடிக் கதவிலும், கேஸ் அடுப்பிலும், புது வாளியிலும் அன்று காலையே பேச்சிராஜ் மாட்டி வைத்திருந்த சிவப்பு அட்டைகளைச் சுகப்பிரியா ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தாள். கடைசியாக ஒன்றை வைத்துக்கொண்டு, பேனா கேட்டு வாங்கி, அதில் இருந்த பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். பிறகு அவர் போனை எடுத்து, பூட்டு நம்பரை மாற்றினாள். உறையின் ஓட்டையில் கயிற்றைக் கோத்து அட்டையைத் தொங்கவிட்டாள்.

"யாரு பூட்டுனாங்களோ அவங்கதானத் தொறக்கணும்? நீங்க சொன்னதுதான்."

ஒன்பது வருடமாக ஜி.எம். வரைக்கும் எல்லோரிடமும் ஒப்பித்த விதி. மறுநாள் காலை ஷிஃப்ட். அலாரம் வைக்க வேண்டும். பேச்சிராஜ் கனிஷ்காவை இடுப்பில் தூக்கிக்கொண்டு, போனை இன்னொரு கையால் நீட்டியபடி, மனைவி வாய் கொப்பளித்துவிட்டு வந்து பூட்டைத் திறக்கும்வரை அடுப்படி வாசலில் காத்து நின்றார்.