விண்கலத்துக்குத் தண்ணீர் டெஸ்ட்

போன வாரம் திருச்சி கே.கே. நகரில் ஒரு வீட்டுக்கு இரும்புத் தொட்டி ஒன்று செய்து கொடுத்தேன். மாடியில் தாமரை வளர்க்க வேண்டுமாம். இறக்கி வைத்ததும் குழாயைத் திறந்து விளிம்பு வரை தண்ணீர் நிரப்பினேன். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டேன். வீட்டு அம்மா காபி கொண்டுவந்தார்கள்.

“என்னங்க, அதையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?”

“ஒழுகுதான்னு பாக்கறேம்மா.”

“செடி வைக்கிற தொட்டிதானேங்க. லேசா கசிஞ்சா என்ன?”

காபியைக் குடித்தேன். புது இரும்பில் தண்ணீர் பட்டால் ஒரு வாசனை வரும். சின்ன வயதில் காசை வாயில் போட்டுக்கொண்டால் நாக்கில் தெரியுமே, அது மாதிரி. அந்த வாசனை வந்தால் எனக்கு ஆக்னஸ் ஞாபகம் வந்துவிடும். ஆக்னஸ் ஒரு சினிமா டைரக்டர். தொட்டிக்கும் சினிமாவுக்கும் என்ன என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

அப்போது நான் துவாக்குடி பக்கம் பஷீர் பாய் பட்டறையில் வெல்டர். மூன்று வெல்டிங் மிஷின், ஒரு ரோலிங் மிஷின், மேலே ஓட்டைக் கூரை. டேங்க், டிரம், பெரிய குழாய், இவைதான் வேலை. பட்டறைக்கு ஒரு சட்டம் உண்டு. எதைச் செய்தாலும் உள்ளே தண்ணீர் நிரப்பி ஒரு நாள் வைக்க வேண்டும். ஒரு சொட்டு வியர்த்தாலும் வெட்டி மறுபடி பற்றவைக்க வேண்டும். வியர்க்கவில்லை என்றால் அடிவயிற்றில் மஞ்சள் பெயிண்டில் இங்கிலீஷில் டபிள்யூ, டி, ஓகே என்று எழுதுவோம், வாட்டர் டெஸ்ட் ஓகே என்று அர்த்தம். கீழே வேலை செய்தவன் தன் எழுத்தைப் போடுவான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான்.

ஒரு நாள் ஸ்கூட்டரில் அந்தப் பெண் வந்தாள். தோளில் சுருட்டிய சார்ட் பேப்பர். மேலப்புதூர் மாதா கோயில் பக்கம் லூர்து சார் மகள் என்றாள். சார் கணக்கு வாத்தியார். பாய் அவரிடம் படித்தவர், அடியும் வாங்கியவர். உடனே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

பேப்பரை விரித்தாள். உருண்டையாக ஒன்று, கீழே நாலு கால்.

“கொப்பரையைக் கவுத்து வச்சாப்ல இருக்கே தங்கச்சி. என்னது இது?”

“விண்கலம் பாய். மூணு பேரு வேற கிரகத்துக்குத் தண்ணி தேடிப் போறாங்க. அதான் கதை. என்னோட மொதப் படம்.”

பாய் என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

“எத்தன பேரு உள்ள உக்காருவாங்க?” என்று கேட்டேன்.

“மூணு பேருண்ணே. தகரத்துல செஞ்சாப் போதும். சில்வர் பெயிண்ட் அடிச்சிரலாம்.”

அந்தத் தகரம் என்ற சொல் என் காதில் விழாமல் இல்லை. விழுந்தது. ஆனால் மூணு பேர் என்பது அதற்கு முன்னாலேயே விழுந்துவிட்டது. ஆள் உட்காரும் பொருளைத் தகரத்தில் செய்ய எனக்குக் கை வராது. பட்டறையில் யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன அஞ்சு எம்எம் பிளேட் கிடந்தது. அதை ஆரஞ்சுச் சுளை மாதிரி வெட்டி, வளைத்து, ஒன்றோடு ஒன்று சேர்த்து உள்ளேயும் வெளியேயும் பற்றவைத்தேன். கதவுக்கு டேங்க் மூடி. ரப்பர் வைத்துப் பன்னிரண்டு போல்ட். ஜன்னலுக்குக் கெட்டிக் கண்ணாடி, அதற்கும் ரப்பர். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர். ஒரு சொட்டு வியர்க்கவில்லை. அடியில் எழுதினேன். மேலே சில்வர் பெயிண்ட் அடித்தவன் அடிப்பக்கம் போகவில்லை. அடியை யார் பார்க்கப் போகிறார்கள் என்றான்.

படப்பிடிப்பு கொள்ளிடத்து மணலில். கலத்தைப் பட்டறை ஆட்களே பலகை மேல் சறுக்கி இறக்கிவிட்டோம். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே ஆறு அப்போது வெறும் மணல். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. வேற கிரகம் என்றால் நம்பலாம். ஒரே ஒரு தொல்லை. கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் ராஜகோபுரம் வந்து நிற்கும். அதை மறைத்துத் திருப்பினால் மலைக்கோட்டை. இரண்டையும் மறைத்தால் மாடுகள். ஆடிக் காற்று வேறு. சாம்பார் சாதத்தில் பாதி மணல். இன்றைக்கும் பல்லில் ஏதாவது நறநறத்தால் எனக்கு அந்தச் சாப்பாடுதான்.

மணலில் தோண்டிய ஊற்றில் குளித்துவிட்டு வந்த ஸ்ரீரங்கத்து மாமா ஒருவர் ஈர வேட்டியோடு நின்று பார்த்தார்.

“ஏம்மா, இது எந்த லோகத்துக்குப் போறது?”

“ரொம்ப தூரம் மாமா.”

“எங்க போனா என்ன. பெருமாளைச் சேவிச்சுட்டுக் கெளம்பச் சொல்லு.”

ஆக்னஸ் உண்மையிலேயே அந்த மூன்று நடிகர்களையும் அனுப்பிவைத்தாள். ரெயின்கோட் மாதிரி உடுப்போடு கோயில் வடக்கு வாசலில் போய் நின்றார்களாம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம். ஊர் அப்படி.

கலத்துக்குள் போகிற காட்சி, வருகிற காட்சி எல்லாம் முடிந்தது. வருகிற காட்சிக்குத்தான் நேரம் ஆனது. ஒவ்வொரு தடவையும் நான் ஸ்பேனர் எடுத்துக்கொண்டு ஓடிப் பன்னிரண்டு போல்ட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே மூன்று பேரும் வெந்துபோவார்கள்.

பாக்கி ஒரு காட்சி. கலம் மணலை விட்டு மேலே கிளம்ப வேண்டும். அது இல்லாவிட்டால் கதைக்கு முடிவில்லை, படமும் இல்லை. கேமராவை மறுநாள் மெட்ராஸுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. ஆக்னஸ் காலேஜில் பிசிக்ஸ் சொல்லிக் கொடுத்த வேலையை விட்டுவிட்டு வந்தவள். ஒரு வருஷத்தில் படத்தை முடிக்காவிட்டால் பழையபடி வேலைக்குப் போய்விடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அந்த வருஷம் அந்த வாரத்தோடு முடிகிறது. சார் தினமும் குடையும் டிபன் கேரியருமாக வருவார். மகளுக்குச் சாப்பாடு வைத்துவிட்டுப் போவார். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டார்.

நாலு சவுக்குக் கம்பு நட்டு, கப்பி கட்டி, பத்துப் பேர் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். கலம் அசையவில்லை. கம்புகள்தான் மணலுக்குள் இறங்கின. இன்னொரு தடவை இழுத்தார்கள். கயிறு அறுந்து பத்துப் பேரும் மல்லாக்க விழுந்தார்கள்.

ஆக்னஸ் கலத்தின் மேல் விரலால் தட்டினாள். கோயில் மணி மாதிரிக் கேட்டது.

“அண்ணே, நான் தகரம்தானே சொன்னேன்?”

“உள்ள ஆள் உக்காருவாங்கன்னு சொன்னீங்களேம்மா.”

“அது படத்துலண்ணே! நெசமாவா போகப் போறாங்க?”

பாய் சொன்னார்: “அவன் செஞ்சது நெசமாவே போகும் தங்கச்சி. தூக்கத்தான் முடியாது.”

யாரும் சிரிக்கவில்லை. கிரேனைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தினார்கள். டிரைவர் மணலைக் காலால் மிதித்துப் பார்த்தான். இறங்கினால் ஏறாது என்று சொல்லித் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஆக்னஸ் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. கையில் மணலை அள்ளி அள்ளி விட்டுக்கொண்டிருந்தாள். நான் செய்த வேலைக்காக வெட்கப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். வேலை சரியாக இருந்ததற்காக.

அப்போதுதான் கரையில் ஆட்டோ ஒன்று மைக் கட்டிக்கொண்டு வந்தது. மேட்டூர் நிரம்பிவிட்டது, முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் நாளைக் காலை தண்ணீர் திறக்கிறார்கள், யாரும் ஆற்றில் குளிக்கவோ துணி துவைக்கவோ ஆடு மாடு மேய்க்கவோ கூடாது என்றார்கள்.

“படம் எடுக்கறதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே” என்றார் பாய்.

“விடுங்க பாய். முடிஞ்சிருச்சு” என்றாள் ஆக்னஸ்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசிவிட்டேன்.

“மிதக்கும்மா.”

“என்னது?”

“இது மிதக்கும். உள்ள தண்ணி ஊத்திப் பாத்தேன். ஒரு நாள் வச்சிருந்தேன். வெளிய வரல. வெளிய இருக்கறதும் உள்ள போகாது.”

“விண்கலத்துக்குத் தண்ணி டெஸ்ட் பண்ணீங்களா?”

“பட்டறைல அப்படித்தாம்மா.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு கலத்தைப் பார்த்தாள். அதற்குள் சார் டிபன் கேரியரைக் கீழே வைத்தார்.

“குறுக்களவு என்னப்பா?” என்று என்னைக் கேட்டார்.

“ரெண்டரை மீட்டர் சார்.”

“எடை?”

“ஒரு டன்னுக்குக் கொஞ்சம் மேல.”

குடையை மடக்கி, அதன் நுனியால் மணலில் கணக்குப் போட்டார். காற்று அழித்தது. மறுபடி போட்டார். அந்த வயதிலும் கை ஓடியது. பாய் ரெண்டு அடி தள்ளி நின்றுகொண்டார், பழைய பயம்.

“முக்கால்வாசிக்கு மேல வெளியதான் நிக்கும்” என்றார் சார். “கால் ரெண்டடி. மார்பளவு தண்ணி வந்தா கெளம்பிரும்.”

“கதைல அந்தக் கிரகத்துல தண்ணியே கெடையாதுப்பா” என்றாள் ஆக்னஸ்.

“தண்ணி தேடித்தானே போனாங்க? வரட்டும்.”

சார் அந்தக் கதையைக் கேட்டதே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் போல. வாயைத் திறந்தவள் மூடவில்லை.

மறுநாள் விடிந்ததும் கரையில் கேமரா. ஆற்றில் ஒருவரும் இல்லை, கலத்துக்குள்ளும் இல்லை. போலீஸ்காரர் ஒருவர் விரட்ட வந்தவர், எங்களோடு நின்றுவிட்டார். கலத்தின் ஒரு காலில் கம்பிக் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் இருந்த அரசமரத்தில் சுற்றியிருந்தேன். தண்ணீர் முதலில் ஈரத்துணியை விரித்த மாதிரி வந்தது. சத்தமே இல்லை. நுரை, ஓலை, ஒற்றைச் செருப்பு. கணுக்கால் அளவு. முழங்கால் அளவு. கலத்தின் கால்கள் முங்கின. சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

கலம் ஒரு ஆட்டம் ஆடியது. அப்புறம் மெல்ல எழுந்தது. இரும்பு எழுகிற மாதிரியே இல்லை. தூக்கத்திலிருந்து எழுகிற மாதிரி இருந்தது.

“போகுது! போகுது!” என்று கத்தியது போலீஸ்காரர்.

நான் கயிற்றைக் காலில் கட்டியது தப்பு. நடுவயிற்றில் கட்டியிருக்க வேண்டும். கயிறு இழுத்ததும் கலம் சாய்ந்து அடிவயிற்றைக் காட்டியது. மஞ்சள் பெயிண்டில் டபிள்யூ, டி, ஓகே. கீழே என் எழுத்து. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆக்னஸ் சிரித்துக்கொண்டே அழுதாள். “இருக்கட்டும்ணே. அந்தக் கிரகத்து எழுத்துன்னு நெனச்சுக்கட்டும்.”

ரெண்டாம் நாள் தண்ணீர் கூடியது. மரத்தில் கயிறு மட்டும் இருந்தது. லால்குடி பக்கம் பார்த்தேன் என்றார் ஒருவர். அணைக்கரையில் பார்த்தேன் என்றார் இன்னொருவர். “கடலுக்கே போயிருக்கும். ஒழுகாது” என்றார் பாய்.

படம் திருச்சியில் ஒரு பழைய தியேட்டரில் ஒரு வாரம் ஓடியது. காலைக் காட்சி மட்டும். முதல் நாள் துவாக்குடிப் பட்டறைகளிலிருந்து வெல்டர்கள் நாற்பது ஐம்பது பேர் வந்திருந்தார்கள். கலம் எழுந்து சாய்ந்து அந்த எழுத்தைக் காட்டியதும் பின்வரிசை முழுக்க எழுந்து விசில். “டேய், டெஸ்ட் பண்ணித்தான்டா அனுப்பிருக்கானுவ!” மற்ற ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்களும் கை தட்டினார்கள்.

ஆக்னஸ் புது மாதிரியாகப் பெயர்களை எல்லாம் கடைசியில் போட்டிருந்தாள். நம் ஊர் தியேட்டரில் படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கும் நிறுத்தினார்கள். ஜனம் எழுந்து வேட்டியை உதறியது. லூர்து சார் மட்டும் எழுந்து ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கத்தினார். வகுப்பில் பின்பெஞ்சுக்குக் கேட்கிற குரல்.

“நிறுத்தாதய்யா! எம் பொண்ணு பேரு இன்னும் வரல!”

பாய் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். பழக்கம். எல்லோரும் உட்கார்ந்தார்கள். விளக்கு அணைந்தது. பெயர் வந்தது. என் பெயரும் வந்தது. அதற்கு முன்னால் என் பெயரை அச்சில் பார்த்தது ரேஷன் கார்டில்தான். அதிலும் தப்பு.

இப்போது தியேட்டர் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை. பட்டறையை விற்றுவிட்டுப் பாய் மகனோடு துபாயில் இருக்கிறார். கொள்ளிடத்து மணலை லாரிகள் கொண்டுபோய்விட்டன. பள்ளமும் முள்ளுச் செடியுமாகக் கிடக்கிறது. வேற கிரகம் என்று இப்போது சொன்னால் இன்னும் நன்றாக நம்புவார்கள். சார் போய் நாலு வருஷம் ஆகிறது. ஆக்னஸ் மெட்ராஸில் இருக்கிறாள். அதற்கப்புறம் ரெண்டு படம் எடுத்தாள். அதில் வருகிற கலங்களை எல்லாம் கம்ப்யூட்டரில் செய்கிறார்கள். நன்றாகத்தான் பறக்கின்றன.

தாமரைத் தொட்டியை முடித்துவிட்டு வந்த அன்று அவளுக்குப் போன் போட்டேன். என் பேத்தி செல்லில் அந்தப் பழைய படத்தைத் தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. ஒரு தடவை பார்க்க வேண்டும், எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

“எங்கிட்டயே இல்லண்ணே. வச்சிருந்த ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. படத்த வாங்கினவங்க கம்பெனியும் மூடிட்டாங்க. எங்கயுமே இல்ல.”

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“நீங்க பாத்தீங்கல்லண்ணே, தியேட்டர்ல?”

“பாத்தேம்மா.”

“அப்பாவும் பாத்தாரு.”

“ஆமா. பேரு வர்ற வரைக்கும் பாத்தாரு.”

“அப்ப சரிண்ணே” என்றாள்.