தரையில் விடாத பிள்ளை

பெருவெள்ளத்துக்குப் பிறகு நாங்கள் மட்டாஞ்சேரியில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். காயல் தீவில் நாங்கள் விட்டுவந்த என் கணவரின் வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழுதுபார்த்து, முன்னறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கென்று ஒதுக்கினோம். தீவில் வேறு சில வீடுகளும் அப்படித் தயாராகிக் காத்திருந்தன. முதலில் வருகிறவர்கள் எங்களிடம் தங்கட்டும், அவர்கள் போய் நல்லபடியாகச் சொன்னால்தான் மற்றவர்களுக்கும் ஆள் வரும் என்பது எல்லோருடைய கணக்கு.

முதலில் வந்தவர்கள் கோயம்புத்தூர்க்காரர்கள். கணவன், மனைவி, தவழுகிற பெண் குழந்தை. அவர்களை அழைத்துவரப் படகுத்துறையில் நின்றபோது என் கணவர் சொன்னார்:

“வேலியேற்றத்தப் பத்தி நீயா வாயத் திறக்காதே. கேட்டா, வெள்ளமெல்லாம் பழைய கதன்னு சொல்லு.”

கார்த்திகை மாதத்தில் மழையே இல்லாமல், விடியற்காலையில் கடல் ஏற்றத்தில் காயல் நீர் ஏறி வீட்டுக்குள் வரும்; அதுதான் வேலியேற்றம். எல்லா நாளும் வராது. முந்தின நாள் வந்திருந்தது. கழிப்பறைக் குழியும் நிரம்பி வழிந்தது. தீவு வீட்டிலேயே இருக்கும் மாமி, என் கணவரின் அம்மா, பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

படகிலேயே அந்தக் குழந்தையின் அம்மா கேட்டாள், இப்போது தண்ணீர் பயம் இல்லையே என்று. இல்லை என்றேன். சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாமி கரிமீன் பொரித்தார். விருந்தாளிகள் ருசித்துச் சாப்பிட்டார்கள். அவர்களுடைய குழந்தை முன்னறைத் தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைத்துக்கொண்டது. தவழுகிற வயதில் இருந்த என் மகனும் கீழே இறங்கத் துடித்தான். நான் அவனை இடுப்பிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து இடுப்புக்கும் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

“ஏனுங்க, பையனக் கீழயே விடமாட்டீங்களா?” என்றாள் அவள் சிரித்தபடி.

அவனுக்குச் சளி என்று சொல்லியிருக்கலாம். என் கணவர் வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முந்தின நாள் காலையில் நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

அவள் ஓடிப்போய்க் குழந்தையைத் தூக்கினாள். கத்தவில்லை.

“இவ்வளவு நேரம் எங்க பாப்பா கீழதான இருந்தா? பாத்துட்டுத்தான இருந்தீங்க?”

என் மகன் அப்போதும் என் இடுப்பில்தான் இருந்தான்.

மாலைப் படகில் அவர்கள் கிளம்பினார்கள். பெட்டியோடு அவர்கள் நடந்து போனதைப் பக்கத்து வீட்டுக்காரி வேலியோரம் நின்று பார்த்தாள். அவளும் சுற்றுலா வருகிறவர்களுக்கென்று புதிதாக மெத்தை வாங்கிப் போட்டிருந்தாள். சண்டையா என்று கேட்டாள். இல்லை, நான்தான் சொல்லிவிட்டேன் என்றேன்.

“நீ மட்டாஞ்சேரிக்குப் போயிருவே. நாங்க எங்க போக?” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அன்றிரவு நாங்கள் அங்கேயே தங்கினோம். இருட்டு விலகுவதற்குள் எழுந்து வாசலுக்குப் போனேன். என் கணவர் ஏற்கெனவே படியில் உட்கார்ந்திருந்தார். நீர் முற்றம் வரை வந்து, அங்கேயே நின்று, மெல்ல வடிந்தது. வீட்டுக்குள் ஒரு துளி வரவில்லை.

“பாத்தியா?” என்றார். கோபம்கூட இல்லாத குரல்.

பார்த்தேன். நீர் உள்ளே வந்திருக்கக் கூடாதா என்று என் மனம் அப்போது ஆசைப்பட்டதை அவரிடம் சொல்லவில்லை.