நைட் ஷிஃப்ட் வாரத்துக்குப் பாண்டி லைன்

பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி ஒன்று நெய்வேலியில் கிளை திறந்து டிரைவர் எடுக்கிறது என்று கேள்விப்பட்டு நானும் போய் நின்றேன். லோடு ஏற்றிய வண்டியைக் குறுகலான ஷெட்டுக்குள் ரிவர்ஸில் விடச் சொன்னார் மானேஜர். ஒரே மூச்சில் விட்டேன். இறங்கியதும், "நாளைக்கே வந்துடுப்பா" என்றார்.

நான் உடனே சரி என்று சொல்லவில்லை.

அப்போது பண்ருட்டியில் ஒரே ஒரு லாரி வைத்திருந்த முதலாளியிடம் ஓட்டிக்கொண்டிருந்தேன். முந்திரிப்பருப்பு ஏற்றிக்கொண்டு பம்பாய், கல்கத்தா என்று போவேன். ரிட்டர்ன் லோடு கிடைத்தால்தான் திரும்ப முடியும். என்றைக்கு வருவேன் என்று எனக்கே தெரியாது. என் மனைவி மரகதம் நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நர்ஸ். குவார்ட்டர்ஸும் அவள் பெயரில்தான். அவளுக்கு நைட் ஷிஃப்ட் வரும் வாரங்களில் எங்கள் மகளைப் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொண்டார். அந்த அக்காவின் கணவர் ரிட்டயர் ஆகி, குடும்பமே மதுரைக்குக் கிளம்பவிருந்தது. மரகதம் வேலையை விட வேண்டி வருமோ என்ற பயம் இருவருக்கும் இருந்தது.

கம்பெனி வேலை ரீஜனல். மெட்ராஸ், திருச்சி, பெங்களூர், அவ்வளவுதான் தூரம். "வீட்ல எத்தனை நாள் சார் இருக்கலாம்?" என்று கேட்டதற்கு மானேஜர், "லோடு இல்லேன்னா இருக்கலாம்" என்றார்.

மரகதத்திடம் சொன்னேன். "இது ஒரு பதிலா? அங்க ஓட்டுறவங்க வீட்ல போய்க் கேப்போம், வாங்க" என்றாள்.

அதே கம்பெனியின் கடலூர் கிளையில் ஓட்டும் ஒருவருக்கு முத்தாண்டிக்குப்பத்தில் வீடு. ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினோம். அவர் லைனில் போயிருந்தார். அவர் மனைவி அஞ்சலை முந்திரி உடைத்துக்கொண்டே பேசினார்.

"லோடு இல்லாத நாளுன்னு ஒண்ணு கெடையாதும்மா. எந்நேரமும் வண்டியிலயே குந்திகினு இருப்பாரு."

மரகதத்தின் முகம் வாடிவிட்டது.

"ஆனா ஒண்ணு. ஆபீசுல போய்க் கேட்டா, வண்டி எங்க நிக்குது, என்னிக்கு வரும்னு சொல்லிடுவாங்க. தனி மொதலாளிகிட்ட ஓட்டிகினு இருந்தப்ப, ஆளு எந்த ஊருல கெடக்குறாருன்னே தெரியாது. கிட்டத்துல போய் வர லைனும் இருக்குதாம். கேட்டா குடுப்பாங்களோ என்னவோ! எங்க வூட்டுக்காரரு வாயத் தொறக்கவே மாட்டாரு."

திரும்பும் பஸ்ஸில் மரகதம், "நீங்க கேளுங்க" என்றாள்.

"வேலை கேக்கப் போன எடத்துல கண்டிஷன் போட்டா, போய்யான்னுடுவாரு."

"போய்யான்னா பழைய வண்டி இருக்கவே இருக்கு. கேக்காம சேர்ந்துட்டா அப்புறம் யார்கிட்ட போய்க் கேப்பீங்க?"

மறுநாள் மானேஜர் முன்னால் நின்றேன். "சார், என் சம்சாரத்துக்கு நைட் ஷிஃப்ட் இருக்கிற வாரம் மட்டும் எனக்குப் பாண்டி லைன் போடுங்க. பிரிக்கெட் கரி லோடு எறக்கிட்டு சாயங்காலம் வந்துடுவேன். மத்த வாரம் பெங்களூர்னாலும் போறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சம்சாரத்துக்கு ஒடம்பு சரியில்லன்னு வருவானுங்க. ஷிஃப்ட்டுன்னு வந்தவன் நீதாம்ப்பா. பாண்டி லைன்ல பேட்டா கம்மி, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"எவனும் அந்த லைனுக்குப் போக மாட்டேங்கறான். சரி, மூணு மாசம் பார்ப்போம். லோடு லேட்டாச்சுன்னா லைன் போயிடும்."

பண்ருட்டி முதலாளிக்கு வருத்தம்தான். ஆனாலும், "பிள்ளைய வச்சிகினு பம்பாய் ஓட முடியுமா, போ" என்று அனுப்பிவைத்தார்.

முதல் நாள் பாண்டியிலிருந்து திரும்பி வீட்டுக்குப் போனபோது மரகதம் வெள்ளைப் புடவையில் வாசலில் நின்றிருந்தாள். மகளை என் கையில் கொடுத்து, "சோறு ஆக்கி வச்சிருக்கேன். ரசத்தை மட்டும் சுட வைங்க" என்று சொல்லிவிட்டு, ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நடந்தாள். வேலைக்குப் போகும்போது அவள் திரும்பிப் பார்க்காமல் போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

மூன்று மாதம் என்றது, நான் ஸ்டியரிங்கை விடும்வரை நீண்டது. மரகதம் ஹெட் நர்ஸாக ரிட்டயர் ஆனாள்.

புதிதாக ஓட்ட வரும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். சம்பளம், பேட்டாவை ஆபீசில் கேளுங்கள். அந்த வேலையை வைத்துக்கொண்டு குடும்பம் எப்படி நடக்கிறது என்பதை டிரைவர் வீட்டில் போய்க் கேளுங்கள். அப்புறம் உங்களுக்கு என்ன வேண்டுமோ அதைத் தயங்காமல் கேளுங்கள். நான் கேட்டுக் கிடைத்த பிறகு, எங்கள் கிளையில் இன்னும் இரண்டு பேர் போய்க் கேட்டார்கள். அவர்களுக்கும் கிடைத்தது.