சட்டியில் விழுந்த எறும்பு

காசிமேட்டில் மரப்படகுகளின் பலகை இடுக்குகளை அடைப்பது என் தொழில். பஞ்சுத் திரியை இடுக்கில் அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே ஊற்றினால் தண்ணீர் உள்ளே வராது. குங்கிலியம் மரத்துப் பிசின். கட்டிக்குள் பட்டை, தூசி, எறும்பு எல்லாம் கிடக்கும். யாரும் பொறுக்கிக்கொண்டிருக்க மாட்டோம். அப்படியே சட்டியில் போடுவோம்.

அன்று காலை வீட்டு ஜன்னலில் என் பையை ஒட்டி ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. பிரித்தேன். தேன் நிறத்தில் ஒரு கட்டி, உள்ளே ஓர் எறும்பு. முந்தின நாள் மிச்சம் என்று நினைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

பத்து மணிக்கு, கல்லூரியில் படிக்கும் என் மகள் மூச்சிரைக்கப் படகடிக்கு ஓடி வந்தாள்.

“நைனா, ஜன்னல்ல வச்ச பொட்டலம் எங்க?”

“குங்கிலியம்தான? சட்டில கீது.”

“உள்ள எறும்பு இருந்துச்சே, பாக்கல?”

“பாத்தேம்மா. எறும்பு இல்லாத குங்கிலியம் எங்க கீது?”

அவள் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். அது ஆம்பராம். கோடி வருஷத்துக்கு முன்னால் வடிந்து கல்லாகிப்போன பிசின். அந்த எறும்பு இனமே இன்று உலகத்தில் இல்லை. படம் வரைந்துகொண்டு வரச் சொல்லி, ஒரே ஒரு நாளைக்குக் கல்லூரி மேடம் இவளை நம்பிக் கொடுத்தது. அழுதுகொண்டே இதைச் சொன்னாள்.

“இன்னா மாமு, சட்டில மோதிரத்த வுட்டுட்டியா?” என்று கூட வேலை செய்பவன் சிரித்தான்.

விறகை வெளியே இழுத்துவிட்டுக் கரண்டியால் துழாவினேன். எல்லாம் உருகிக் கிடந்தது. அடியில் ஏதோ கரண்டியில் தட்டியது.

அது மட்டும் உருகவில்லை. துடைத்து வெயிலில் பிடித்தோம். எறும்பு ஆறு காலோடு அப்படியே இருந்தது. ஆனால் அதைச் சுற்றி, மீன் செதில் மாதிரி மினுமினுக்கும் விரிசல்கள். நேற்று அவை இல்லை என்றாள்.

அவளோடு நானும் போனேன். ஐந்தாவதோடு நின்றவன், எந்தக் கல்லூரி வாசலையும் தாண்டியதில்லை. மேடம் முன்னால் மகள், “கை தவறி...” என்று ஆரம்பித்தாள்.

“நான்தாங்க எண்ணெயில போட்டேன். குங்கிலியம்னு நெனச்சிட்டேன்,” என்றேன்.

மேடம் லென்ஸை வைத்து வெகுநேரம் பார்த்தார். “எறும்புக்கு ஒண்ணும் ஆகல. இந்த விரிசல் இனிமே போகாது. எண்ணெயில எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“ஒரு மணி நேரம் இருக்குங்க.”

எறும்பின் பெயர்ச்சீட்டை மகளிடம் நீட்டி, பின்பக்கம் அதை எழுதச் சொன்னார். ‘காய்ந்த எண்ணெயில் ஒரு மணி நேரம்’ என்று எழுதினாள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு கட்டியையும் வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன். உள்ளே எறும்பு தெரிந்தால் கை அப்படியே நின்றுவிடுகிறது.