செட்டாப் பாக்ஸின் நெற்றி

என் அப்பா லட்சுமணன் திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் இருபத்தாறு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இயந்திரங்களை மனிதர்களாகத்தான் நடத்துவார். மக்கர் பண்ணினால் தட்டுவார், அப்போதும் கேட்காவிட்டால் திட்டுவார். ஆயுத பூஜை வந்தால் வீட்டில் எதையும் விடமாட்டார். மிக்ஸி, கிரைண்டர், கரன்ட் மீட்டர் எல்லாவற்றுக்கும் கெட்டியாகக் குழைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். இந்த வருடம், கண்ணாடி போட்டு மாட்டியிருந்த என் பொறியியல் பட்டத்துக்கும் ஒன்று வைத்தார்.

"இதுவும் ஆயுதந்தானே?" என்றார்.

நாற்பத்தொரு கம்பெனிகளுக்கு அனுப்பியும் ஒருவரும் பதில் போடாத ஆயுதம்.

பூஜைக்கு மறுநாள் டிவி ரிமோட் வேலை செய்யவில்லை. தோசைக்கல் விற்கும் சேனலிலேயே டிவி நின்றுவிட்டது. ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கால்பந்து இறுதி ஆட்டம். யார்டிலிருந்து நான்கு பேரை அப்பா அழைத்திருந்தார். மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று அம்மா சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"எலக்ட்ரானிக்ஸ் படிச்ச பொண்ண வூட்ல வெச்சிகினு மெக்கானிக்கா? யார்டுல கேட்டா சிரிப்பானுங்க."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அது எதற்காவது உதவுமா என்று எனக்கே சந்தேகம் இருந்தது. ஞாயிறு ஐந்து மணிக்குத் தெரிந்துவிடும்.

டோல்கேட்டில் ரிமோட் கடை வைத்திருக்கும் அமீருதீன், அப்பாவோடு பள்ளியில் படித்தவர். எல்லா செட்டாப் பாக்ஸுக்கும் பொருந்தும் யுனிவர்சல் ரிமோட் ஒன்று கொடுத்தார். கடையில் அழுத்தியதும் சேனல் மாறியது. வீட்டிலோ தோசைதான் வெந்துகொண்டிருந்தது. ரிமோட்டோடு வந்த தாளில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ரிமோட்டின் முனையை செல்போன் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். வெறும் கண்ணுக்குத் தெரியாத அதன் வெளிச்சம் திரையில் தெரிந்தது.

"ரிமோட்டு நல்லாதான் கீது நைனா" என்றேன் அப்பாவிடம்.

"அப்பால ஏன் மாற மாட்டேங்குது?"

நான்கு வருடப் பாடமும் நினைவுக்கு வந்தது. பேட்டரியைக் கழற்றி மாற்றிப் போட்டேன்.

சனிக்கிழமை இரண்டாவது ரிமோட்டும் தோற்றது. ஞாயிறு மதியம் மூன்றாவதும் தோற்றதும் மறுபடி கடைக்குப் போய் நின்றோம்.

"உன் பாக்ஸு இன்னா, பொண்ணு பாக்க வந்த மாப்ளையா மாமு? எதைக் காட்னாலும் வேணாங்குது" என்று சொல்லிக்கொண்டே அமீருதீன் கடையைச் சாத்திவிட்டு எங்களோடு வந்தார். அப்போது மணி நாலரை.

பெட்டியைப் பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

"இதுக்கு எங்க பொட்டு வெச்சிக்கீற?"

"நெத்தியிலதான்."

"எதுடா நெத்தி?"

"மூஞ்சி நடுவுல கறுப்பா, கண்ணாடி மாரி பளபளனு கீதே, அதான்."

"அது நெத்தி இல்லடா, கண்ணு! ரிமோட்டு வெளிச்சத்த அது வழியாதான் பாக்கும். கண்ணுல சந்தனத்த அப்பிட்டு, பாரு பாருன்னா எப்டி பாக்கும்?"

மூன்று நாளாக அந்தப் பெட்டியின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்று படம் வரைந்து பதின்மூன்று மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் எங்கள் வீட்டில் பொட்டு இல்லாத பொருள்தான் கண்ணை உறுத்தும்.

அப்பா ஈரத்துணியால் துடைத்தார். பழைய ரிமோட்டையே எடுத்து அழுத்தினார். தோசைக்கல் மறைந்து பச்சை மைதானம் வந்தது. அமீருதீன் தன் மூன்று ரிமோட்டையும் பைக்குள் போட்டுக்கொண்டார்.

யார்டுக்காரர்கள் வந்ததும் அப்பா முந்திக்கொண்டார். "மூணு நாளா ரிப்பேரு. எம்பொண்ணுதான் சரி பண்ணா."

நான் அமீருதீனைப் பார்த்தேன். அவர் மும்முரமாக டிவியைப் பார்த்தார்.

ஆட்டம் தொடங்கியது. எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். அப்பா மட்டும் துணியோடு என் பட்டத்தின் முன்னால் நின்றார்.

"மதி, இதுக்குக் கண்ணு எங்க கீது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியல நைனா."

"அப்ப முழுசா தொடச்சிடறேன்."

முதல் கோல் விழுந்தது. வீடே கத்தியது. அப்பா திரும்பவில்லை. காய்ந்துபோன சந்தனத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.