துரைராஜ் மாமா சுமந்த கடிதம்

"உங்க மாமா என்ன வேலை பாக்கறார்?" என்று பள்ளியில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. துரைராஜ் மாமா தினமும் காலையில் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையில் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போவார். அங்கே தரும் சிபாரிசுக் கடிதங்களை ஆபீஸ் ஆபீஸாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். சம்பளம் கிடையாது. "மன துரைராஜ்", அதாவது 'நம்ம துரைராஜ்', என்று எம்.எல்.ஏ. தோளில் தட்டினால் ஒரு வாரம் குளிக்காமல்கூட இருப்பார்.

மாமா தெலுங்கை மடமடவென்று பேசுவார். தெலுங்கில் ஓர் எழுத்துகூடப் படிக்க வராது. மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத்தில் இருக்கும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பலரும் அப்படித்தான். ஆனால் மாமா அதை வெளியே சொல்லமாட்டார்.

குஷாய்குடா பஸ் ஸ்டாப்பில் வேதவல்லி அக்கா இட்லி வண்டி போடுகிறார். அதுதான் அவர் குடும்பத்துக்குச் சோறு. இடத்தைக் காலி செய்யச் சொல்லி வார்டு ஆபீஸ் ஆள் மிரட்டிவிட்டுப் போனான்.

"ஃபிக்கர் நக்கோம்மா, கவலையே படாதே, நான் இருக்கேன்ல" என்றார் மாமா. எம்.எல்.ஏ.வின் பி.ஏ.விடம் பேசினார். மறுவாரமே ஒரு கடிதத்தோடு வண்டிக்கு வந்து நெய் இட்லி கேட்டார். நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"பஸ் ஸ்டாப் லெட்டர்னு பி.ஏ. குடுத்துட்டார். வார்டு ஆபீஸ்ல சேத்துட்டா ஒருத்தனும் உன்னை அசைக்க முடியாது!"

"என்ன எழுதியிருக்குண்ணே?"

"எல்லாம் நல்லாத்தான் எழுதியிருக்கு."

பள்ளியில் தெலுங்கு படிக்கும் நான் அதை வாங்கிச் சத்தமாகப் படித்தேன். வண்டியை உடனே அகற்றி, அந்த இடத்தை எம்.எல்.ஏ.வின் மச்சான் ஜூஸ் கடைக்குத் தர வேண்டுமாம்.

"ஏண்ணே, என்னைத் துரத்துற லெட்டரை நீங்களே தூக்கிட்டு வந்தீங்களா? அதுக்கு நெய் இட்லி வேற கேட்டீங்களே!"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா சிரிக்கவில்லை. "தட்டை வெச்சிட்டு எல்லாரும் என்கூட வாங்க" என்றார்.

இருபது பேர் போனோம். எம்.எல்.ஏ. வீட்டில் மனு கொடுப்பவர்கள் நிறைந்திருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் மாமா தெலுங்கில், "சார், எனக்குப் படிக்க வராது. இதை நீங்களே சத்தமா படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

எம்.எல்.ஏ. படித்தார், மனசுக்குள். இருமினார். டைப் அடித்தவன் தப்பு என்றார். வண்டி அங்கேயே இருக்கலாம் என்று வேறு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அதை எல்லோருக்கும் கேட்கும்படி இரண்டு தடவை படித்தேன்.

வண்டி இன்றும் நிற்கிறது. மாமாவைத்தான் அந்த வீட்டு கேட்டுக்குள் விடுவதில்லை. உங்கள் பேட்டையிலும் யாராவது பெரிய மனிதரின் கடிதத்தைச் சுமந்துகொண்டு திரிவார்கள். அவர்களிடம் இதைச் சொல்லுங்கள். கேட்டவர்களை இன்னும் நாலு பேருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.